கேட்டரிங் போனதை ரெஸ்யூமேயில் எழுதலாமா?

விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும், பிப்ரவரியில் வளாகத் தேர்வுக்கு இரண்டு நிறுவனங்கள் வரவிருப்பதாகவும், சீனியர் ஒருவர் அனுப்பிய மாதிரிப் படிவத்தில் ‘அனுபவம்’ என்ற கட்டத்தில் எழுத உங்களிடம் எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே ‘ஃப்ரெஷர்’ என்று போட்டுவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே கேள்வியின் நடுவே, அடைப்புக்குறிக்குள், விடுமுறையில் மாமாவின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்ததையும், முகூர்த்த நாள்களில் கேட்டரிங் போனதையும் குறிப்பிட்டு, ‘இதையெல்லாம் எழுதினால் சிரிப்பார்கள்தானே’ என்று சேர்த்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கட்டம் காலியாக இருப்பதைவிட, அதில் எழுதக் கிடைப்பது எழுதத் தகுந்ததா என்ற தயக்கமே உங்களை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே பதிலின் பெரும்பகுதியை அதற்கே கொடுக்கிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் 11 ஆண்டுகள் இருந்தேன். கடந்த 8 ஆண்டுகளாக ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேலைவாய்ப்பு அலுவலராக இருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதே நான் பேசுவதற்கான தகுதி. வணிகவியல், கணினிப் பயன்பாடு, ஆங்கில இலக்கியம் போன்ற பாடங்களைப் படித்தவர்கள் கணக்குப் பிரிவு, பின்னலுவலகம், தகவல் தொழில்நுட்பச் சேவை, வங்கி சாராத நிதி நிறுவனங்கள் ஆகியவற்றுக்குப் போவதைத்தான் நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். வடிவமைப்பு, ஊடகம் போன்ற துறைகளில் செய்து காட்டிய படைப்புகளின் தொகுப்பே பேசும் என்பார்கள். அங்கே என் சொல்லை நம்பி இறங்க வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகள் முதலியவற்றுக்கு விண்ணப்பப் படிவமே போதும், ரெஸ்யூமேக்கு அங்கே வேலை இல்லை.

முதலில், அந்தத் தாளை யார், எப்போது படிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வளாகத் தேர்வில் முதல் சல்லடை பெரும்பாலும் ரெஸ்யூமே அன்று. கல்லூரியிலிருந்து நாங்கள் அனுப்பும் எக்செல் பட்டியலே முதல் சல்லடை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளை வைத்து அந்தப் பட்டியலிலேயே பெயர்கள் கழிந்துவிடும். அடுத்து எழுத்துத் தேர்வோ இணையவழித் தேர்வோ நடக்கும். ரெஸ்யூமே ஒருவர் கையில் உண்மையில் ஏறுவது நேர்காணல் அறைக்குள் நீங்கள் நுழையும்போதுதான். நீங்கள் நாற்காலியை இழுத்து உட்காரும் நேரத்தில் அவர் அதை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்து, முதல் கேள்வியைத் தேடிக்கொள்கிறார். நானும் அப்படித்தான் செய்தேன். முந்தைய மாணவரைப் பற்றிய குறிப்பை எழுதி முடிக்காமலே அடுத்த தாளைக் கையில் எடுத்த நாள்கள் பல உண்டு. ஆகவே ஒரு ஃப்ரெஷரின் ரெஸ்யூமே செய்ய வேண்டிய முதல் வேலை, களைத்துப்போன அந்த மனிதருக்கு ஒரு நல்ல கேள்வியை எடுத்துக் கொடுப்பது. அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பார். அந்தக் கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்ன மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த இடத்தில் இணையத்தில் அடிபடும் இரண்டு செய்திகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரு ரெஸ்யூமேயை 6 நொடிதான் பார்ப்பார்கள் என்பது ஒன்று. தி லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம் 2012-ல் பணியமர்த்தும் வேலையில் இருந்த 30 பேரின் கண் அசைவைப் பதிவு செய்து அந்த எண்ணை வெளியிட்டது. 2018-ல் மீண்டும் செய்தபோது 7.4 நொடி என்றது. அனுபவம் உள்ளவர்களின் விண்ணப்பங்களை அமெரிக்காவில் திரையில் பார்த்துக் கழிக்கும் சூழல் அது; சிறிய ஆய்வு; நடத்தியதும் அந்தத் தொழிலிலேயே இருக்கும் நிறுவனம். முதல் பார்வை மிகச் சுருக்கமானது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, மென்பொருளே நூற்றுக்கு 75 விண்ணப்பங்களைத் தூக்கி எறிந்துவிடும் என்பது. இதைச் சொல்பவர் எவரும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று காட்டி நான் பார்த்ததில்லை. சொல்பவர்களில் பலர் ரெஸ்யூமே வார்ப்புருக்களை விற்பவர்களாக இருக்கிறார்கள். ஆனால் மென்பொருள் என்று ஒன்று இருப்பது உண்மை. பெரிய நிறுவனங்களின் இணையப் பக்கத்தில் கோப்பை ஏற்றும்போது, அது எழுத்துகளைப் பிரித்தெடுத்துப் பெயர், படிப்பு, ஆண்டு என்று கட்டங்களில் நிரப்பும். இரண்டு பத்திகளாகப் பிரித்த பக்கம், உரைப்பெட்டிகள், திறமைக்கு நட்சத்திரம் போடும் படங்கள் ஆகியவை அங்கே குழம்பி விழுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே பத்தியாக, சாதாரண எழுத்துருவில், மேலிருந்து கீழாகப் போகும் ஒரு பக்கம் எங்கும் சிக்கலின்றிப் போகும். இதற்காகக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. கூகுள் டாக்ஸில் வெறும் பக்கத்தைத் திறந்து அடித்துப் பி.டி.எஃப். ஆக இறக்கினால் போதும்.

இனி மாமாவின் கடைக்கு வருவோம். ‘கடையில் உதவியாக இருந்தேன்’ என்று நீங்கள் எழுதினால் படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதற்காக ‘விற்பனை மேலாளர்’ என்று எழுதினால் அது பொய். இரண்டாவது கேள்வியில் உடைந்துவிடும். ஒரு தாளை எடுத்து அங்கே உங்கள் கையால் செய்தவற்றை மட்டும் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். பில் போட்டீர்களா? கையால் போட்டீர்களா, கணினியில் போட்டீர்களா? ஒரு நாளைக்கு ஏறத்தாழ எத்தனை பில்? கடன் நோட்டை யார் எழுதியது? கொத்தனார்களும் பிளம்பர்களும் வாரக் கணக்கில் வாங்கிப்போகும் கடையாக இருந்தால், சனிக்கிழமை வசூல் யார் பொறுப்பு? சரக்கு வந்து இறங்கும்போது பில்லோடு எண்ணிச் சரிபார்த்தது யார்? ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதக் கடைசியில் கொள்முதல் பில்களை அடுக்கிக் கொடுத்தீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்ல முடிந்தால், உங்கள் வகுப்பில் பலருக்கும் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று பொருள். மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகருக்கு விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர். 1 படிவத்துக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதியும், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதியும் கெடு என்பதை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தத் தேதிகளுக்கு முன் கடையில் எந்தப் பில் காணாமல் போகும், எந்த மொத்த வியாபாரி தன் பக்கத்தில் பதிவேற்றத் தாமதிப்பார், அதனால் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு எப்படித் தள்ளிப்போகும் என்பதை நேரில் பார்த்தவர் வேறு ரகம். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுப்பவர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்.

ஆகவே அந்த வரி ஏறத்தாழ இப்படி வரும்; ஆங்கிலத்தில் எழுதவிருப்பதைத் தமிழில் சொல்கிறேன்: ‘குடும்ப ஹார்டுவேர் கடை, கோடை விடுமுறைகள், இரண்டு ஆண்டுகள். நாள்தோறும் பில் போடுதல். வாடிக்கையாளர் கடன் நோட்டு எழுதி வாரக் கடைசியில் சரிபார்த்தல். மாதாந்திரக் கொள்முதல் பில்களைத் தேதிவாரியாக அடுக்கி ஆடிட்டர் அலுவலகத்தில் ஒப்படைத்தல்.’ ‘குடும்ப’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். மறைத்துவிட்டுப் பின்னர் அது மாமாவின் கடை என்று தெரியவந்தால், அதுவரை சொன்ன உண்மைகளும் ஐயத்துக்கு உள்ளாகும். எண்களைப் பொறுத்தவரை நீங்கள் எண்ணிப் பார்த்தவற்றை மட்டும் எழுதுங்கள். வேண்டுமானால் மாமாவிடம் கேட்டு ஒரு நாள் பில் புத்தகத்தைப் புரட்டி எண்ணிவிடுங்கள். ‘விற்பனையை 30 விழுக்காடு உயர்த்தினேன்’ என்று ஒரு மாணவர் எழுதிவந்தார். எதிலிருந்து எதற்கு என்று கேட்டேன். யூடியூபில் அப்படி எழுதச் சொன்னார்கள் என்றார்.

கேட்டரிங் வேலைக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே எடை பெறாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பந்திக்கு இருநூறு இலை, அடுத்த பந்திக்கு ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், சாம்பார் வாளியோடு வரிசையின் எந்த முனையிலிருந்து தொடங்குவது என்று உங்கள் அணிக்குள் பேசி வைத்திருக்கிறீர்கள், பெரியவர் ஒருவர் ரசம் கேட்டுக் கோபப்படுகிறார், விடியற்காலை 4 மணிக்கு எழுந்த கண்ணோடு அதைச் சமாளிக்கிறீர்கள். வாடிக்கையாளரோடு பேசும் வேலை, விற்பனை, மருத்துவமனை முன்மேசை, ஓட்டல், கால் சென்டர் ஆகியவற்றுக்கு ஆள் எடுப்பவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். கணக்குப் பிரிவுக்கு ஒரே வரி போதும்: எந்த ஆண்டிலிருந்து, ஏறத்தாழ எத்தனை நிகழ்ச்சிகள், அணிக்குப் பொறுப்பேற்றிருந்தால் எத்தனை பேர் கொண்ட அணி. படிப்புச் செலவை அதிலிருந்தே பார்த்துக்கொண்டீர்கள் என்றால் அதை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம். நேர்காணலில் கேட்டால் சொல்லுங்கள். எழுதினால் இரக்கம் கேட்பது போல் ஆகிவிடும். கேட்டுச் சொன்னால் செய்தியாக நிற்கும். சிரிப்பார்களா என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒருவர் முகம் சுளித்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வெளியூரிலிருந்து வந்த ஒரு தேர்வாளர். மற்றவர்கள் எல்லோரும் அதைப் பற்றிக் கூடுதலாகத்தான் கேட்டார்கள். ஒருவர் தானும் கல்லூரி நாள்களில் பந்தி பரிமாறியதைச் சொல்லத் தொடங்கி, நேர்காணலின் பாதி நேரத்தை அதிலேயே கழித்தார்.

என் மாணவி ஒருவரின் ரெஸ்யூமேயை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். பொழுதுபோக்கு என்ற தலைப்பில் பாட்டுக் கேட்பது, சமைப்பது என்று இருந்தது. மற்றபடி தாள் வெறுமையாக இருந்தது. பேச்சுக் கொடுத்துப் பார்த்தபோது, அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டுகளைப் பதினொன்றாம் வகுப்பிலிருந்து அவர்தான் எழுதி வருகிறார் என்று தெரிந்தது. தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஒவ்வோர் உறுப்பினரின் பாஸ்புக், வங்கிக் கடன் தவணை எல்லாம் அவர் கையெழுத்து. பதினைந்து பேரின் பணம் நான்கு ஆண்டுகளாக அவர் எழுதிய எண்களை நம்பி ஓடியிருக்கிறது. அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, ‘அது வீட்டு வேலைதானே சார்’ என்றார். அதை மூன்று வரிகளாக எழுதி, ‘அனுபவம்’ என்ற தலைப்பைக் ‘கணக்குப் பராமரிப்பு அனுபவம்’ என்று மாற்றி, படிப்புக்கு அடுத்தபடியாக வைத்தோம். அவருக்கு வேலை கிடைத்தது. ரெஸ்யூமேயால்தான் கிடைத்தது என்று என்னால் சாதிக்க முடியாது; எழுத்துத் தேர்விலும் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தார். ஆனால் நேர்காணலில் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை அந்த மூன்று வரிகளிலிருந்தே வந்தன என்று அவர் வந்து சொன்னது உண்மை.

வேலை என்று பெயர் வாங்காத இப்படிப்பட்ட வேலைகள் நம் ஊர் மாணவர்களிடம் நிறைய இருக்கின்றன. அச்சக ஊர்களில் காலண்டர் சீசன், தீபாவளிக்கு முந்தைய மாதம் ஜவுளிக்கடை, தெருப்பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன், கோயில் திருவிழாவுக்கு வரி வசூலித்து நோட்டுப் போடுவது, அப்பாவின் லாரி வாடகைக் கணக்கு, மாவு மில். தலைப்பு ‘பணி அனுபவம்’ என்று இருந்தால் பொருந்தாதவை ‘பொறுப்புகளும் பகுதிநேரப் பணிகளும்’ என்று இருந்தால் பொருந்திவிடும். மூன்றுக்கு மேல் எழுத வேண்டாம். விண்ணப்பிக்கும் வேலைக்கு நெருக்கமானது முதலில் வரட்டும். எதை வைப்பது, எதை எடுப்பது என்று குழப்பம் வந்தால் நான் மாணவர்களுக்குச் சொல்வது ஒரே சோதனைதான்: அந்த வரியைத் தொட்டு ஒருவர் கேட்டால் நீங்கள் இடைவிடாமல் ஐந்து நிமிடம் பேச முடியுமா? முடிந்தால் இருக்கட்டும்.

திறமைகள் என்ற பகுதியில்தான் இந்தச் சோதனையில் அதிகம் பேர் விழுகிறார்கள். ‘டேலி தெரியும்’ என்று கணக்கு மென்பொருளின் பெயரை மட்டும் எழுதுவதைவிட, டேலி பிரைமில் வவுச்சர் பதிவு, ஜி.எஸ்.டி. லெட்ஜர் உருவாக்குதல், வங்கிக் கணக்குச் சமன்செய்தல் என்று எதைச் செய்ய வருமோ அதை எழுதுவது நேர்மையானது; பயனும் கூடுதல். எக்செல் என்றால் எந்த அளவு? வி-லுக்அப்பும் பிவட் டேபிளும் வரும் என்றால் அவற்றின் பெயரையே எழுதலாம். ‘அட்வான்ஸ்டு எக்செல்’ என்று எழுதியவரின் முன் மடிக்கணினியைத் திருப்பி வைத்து, ‘இந்த இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்’ என்று கேட்பது எங்கள் நிறுவனத்தில் வழக்கமாகவே இருந்தது. தட்டச்சு உங்களுக்குத் தெரியும் என்றால் அவசியம் எழுதுங்கள். அரசுத் தேர்வில் ஆங்கிலம் ஜூனியர் நிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45 சொல் என்ற வரையறை இருப்பதால், அந்தச் சான்றிதழ் அளந்து கொடுத்த திறமை. தலைமைப் பண்பு, கடின உழைப்பு, விரைவில் கற்கும் ஆற்றல் என்ற மூன்றையும் எல்லோரும் எழுதுகிறார்கள். எவரும் அவற்றைப் படிப்பதில்லை.

சான்றிதழ்களில் எதற்கு மதிப்பு என்பதில் என் கருத்து உறுதியானது, மற்றவர்கள் மாறுபடலாம். கண்காணிப்போடு தேர்வு எழுதி வாங்கியதற்கு மதிப்பு உண்டு. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கு மையத்தில் போய்த் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வை எழுதியவர் மதிப்பெண்ணோடு குறிப்பிடலாம். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் உங்கள் கல்லூரியிலேயே ஏதேனும் பயிற்சி முடித்திருப்பீர்கள். பயிற்சியின் பெயரை மட்டும் எழுதாமல், அதில் என்ன செய்தீர்கள் என்று அரை வரி சேருங்கள். 2020 ஊரடங்குக்குப் பிறகு பெருகிய இணையவழிக் கருத்தரங்குச் சான்றிதழ்கள், நான்கு கேள்விக்குப் பதில் சொன்னால் மின்னஞ்சலுக்கு வரும் விநாடி வினாச் சான்றிதழ்கள் ஆகியவற்றில் பத்தை அடுக்குவதைவிட ஒன்றும் எழுதாமல் இருப்பது மேல். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்று முழுமையாகச் செய்தவர் அதைத் தயங்காமல் குறிப்பிடலாம். பாடத்திட்டத்தில் இத்தகைய பணிகளுக்கான பகுதி ஐந்துக்கு மதிப்பெண் வேண்டுமே என்று பெயர் மட்டும் கொடுத்தவர் விட்டுவிடலாம். முகாமில் என்ன செய்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள்.

இறுதிப் பருவப் புராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை. பி.காம். புராஜெக்டுகளில் பெரும்பாலானவை ‘இன்ன ஊரைச் சிறப்பாகக் கொண்டு இன்ன பொருள் குறித்த வாடிக்கையாளர் மனநிறைவு’ என்ற தலைப்பிலும், நூறு பேரிடம் வினாத்தாள் என்ற முறையிலும் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைப்பை முழு நீளத்துக்கு எழுதாமல் நீங்கள் செய்த பங்கை எழுதுங்கள்: எத்தனை வினாத்தாள்களை நீங்களே நேரில் நிரப்பி வாங்கினீர்கள், எதைக் கொண்டு அட்டவணைப்படுத்தினீர்கள், எதிர்பாராத முடிவு என்ன. ஐந்து பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் என்றால் ஐந்து பேர் என்றே சொல்லிவிடுங்கள். மற்ற நால்வரும் அதே நாளில் அதே அறைக்கு வருவார்கள்.

மதிப்பெண் குறைவாக இருந்தால் மறைப்பதா என்ற கேள்வி எப்போதும் வரும். வளாகத் தேர்வில் மறைத்துப் பயனில்லை. பட்டியல் ஏற்கெனவே அவர்களிடம் போய்விட்டது. வெளியே தனியாக விண்ணப்பிக்கும்போது, பட்டப்படிப்பின் மதிப்பெண்ணை எழுதிப் பள்ளி மதிப்பெண்களை விடுவதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. கேட்டால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முடித்துவிட்ட அரியர்களை எழுத வேண்டியதில்லை. நிலுவையில் இருப்பதை ‘இல்லை’ என்று எழுதக் கூடவே கூடாது. பணி நியமனக் கடிதத்துக்குப் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் அது வெளிவந்து வேலை போனதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நீக்க வேண்டியவை. உங்கள் சீனியர் தந்த படிவத்தில் தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, தேசிய இனம், தெரிந்த மொழிகள் என்று ஒரு நீண்ட பகுதி இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். நம் ஊரில் பயோடேட்டா என்ற சொல் கல்யாணத் தரகரிடமும் வேலைக்கும் ஒன்றாகவே புழங்கியதன் விளைவு இது. சிலவற்றில் உயரம் வரை இருக்கும். மொழிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஆதார் எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் எழுத வேண்டாம். அந்தத் தாள் எத்தனை பேரின் வாட்ஸ்அப்பில் சுற்றும் என்பது உங்கள் கையில் இல்லை. ‘சவாலான சூழலில் என் திறமைகளைப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பதே என் நோக்கம்’ என்று தொடங்கும் குறிக்கோள் பத்தியை ஆயிரக்கணக்கில் படித்துவிட்டேன். அந்த இடத்தில், எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்கு உங்களிடம் இருக்கும் இரண்டு காரணங்கள் என்ன என்று இரண்டு வரி எழுதினால் போதும். கடைசியில் வரும் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்ற அறிவிப்பு, இடம், தேதி, கையொப்பம், மேலே புகைப்படம் ஆகியவற்றில் என்னால் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் எதிர்பார்ப்பதில்லை. நம் பகுதியின் பழைய நிறுவனங்கள் சிலவற்றில் இல்லையென்றால் கேட்கிறார்கள். உங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு ஒரு வடிவம் கொடுத்து அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் வாதாடாமல் அதையே பின்பற்றுங்கள். உள்ளே என்ன எழுதுவது என்பது அப்போதும் உங்கள் உரிமைதான்.

பெயர் எழுதுவதில் நமக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இனிஷியலை முன்னால் போட்டால், முன்பெயர் எது, பின்பெயர் எது என்று பிரிக்கும் மென்பொருள்கள் ‘எஸ்’ என்பதையே உங்கள் பெயராக எடுத்துக்கொண்டு, ‘அன்புள்ள எஸ்’ என்று மடல் அனுப்பும். பின்னால் போட்டால் அந்தத் தொல்லை குறையும். எப்படிப் போட்டாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் எழுத்துக்கூட்டலே எங்கும் இருக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரியில் நடிகர் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். புதிதாக ஒன்று தொடங்க ஐந்து நிமிடம் ஆகும். கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள். ‘புதியது இறுதி 2’ என்ற பெயரில் வரும் கோப்புகள் எங்கள் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அழிந்துபோயிருக்கின்றன. பிரவுசிங் சென்டரில் கொடுத்து அடித்து வாங்குவதாக இருந்தால், வாங்கிய பிறகு ஒவ்வோர் எழுத்தையும் படியுங்கள். அவர்கள் முந்தைய வாடிக்கையாளரின் கோப்பைத் திறந்து அதன்மேலேயே அடிப்பார்கள். வேறொருவரின் அப்பா பெயரோடும் வேறு ஊரோடும் வந்த ரெஸ்யூமேக்களை நான் ஆண்டுதோறும் திருப்பி அனுப்புகிறேன்.

ஆங்கிலம் குறித்து நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பயம் இருக்கும். முதலில் தமிழில் எழுதி முடித்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் மாற்றுங்கள். சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாமா என்றால், பிழை திருத்தப் பயன்படுத்துங்கள். உங்கள் அனுபவம் எதையும் சொல்லாமல் ‘ஒரு ரெஸ்யூமே எழுதிக் கொடு’ என்று கேட்டால் அது செய்யாததைச் செய்ததாக எழுதிவிடும்; ஒரே வகுப்பிலிருந்து ஒரே வாக்கியத்தோடு ஒன்பது தாள்கள் சென்ற ஆண்டு என் மேசைக்கு வந்தன. எழுதியதை உரக்கப் படித்துப் பார்க்கும்போது உங்கள் நாக்கு தடுக்கும் சொல் எதுவோ அதை மாற்றிவிடுங்கள். நேர்காணலில் அதே சொல்லில்தான் தடுக்கும்.

பிப்ரவரிக்கு இன்னும் நாள் இருப்பதால் ஒன்று செய்யலாம். மாமாவின் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில், அரையாண்டு விடுமுறையிலோ சனிக்கிழமைகளிலோ வவுச்சர் அடுக்கும் வேலைக்காவது உட்கார முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சம்பளம் பற்றிப் பேச வேண்டாம்; கடைசியில் ஒரு கடிதம் கேளுங்கள். வளாகத் தேர்வில் அமையாமல் போனால், தேர்ச்சி பெற்ற பிறகு தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் தளத்தில் பதிவு செய்யுங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தம், பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் அதைத் திறந்துவிட்டது. தென் மண்டலத்துக்கான வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. உதவித்தொகையோடு ஓராண்டு, முடிவில் அரசுச் சான்றிதழ். அடுத்த ரெஸ்யூமேயின் அனுபவப் பகுதியை அது தானாக நிரப்பும். வேலைவாய்ப்புத் தளங்களில் ரெஸ்யூமேயை ஏற்றிய மறுநாளிலிருந்து, பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று கேட்டு அழைப்புகள் வரும். பணம் கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

‘ஃப்ரெஷர்’ என்ற சொல் மிச்சமிருக்கிறது. தளங்களின் விண்ணப்பப் படிவத்தில் அந்தத் தெரிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். முழுநேர வேலை பார்க்காதவரை அதுவே சரி. ரெஸ்யூமேயில் எழுத வேண்டியதில்லை. தேர்ச்சி பெறும் ஆண்டைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். அந்த ஒரு வரி இடத்தில் மாமா கடையின் கடன் நோட்டை வையுங்கள்.